கொடுத்த வீடும் எழுதாத வாக்கும்

(முதியோரின் சொத்துரிமையும் பராமரிப்பும் குறித்துத் திருமயத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



திருமயம் குன்றின் அடியில் சத்தியகிரீசுவரர் கோயிலும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒரு காலத்தில் இவ்விரு கோயில்களுக்கும் இடையே வருவாயைப் பங்கிட்டுக் கொள்வதில் வழக்கு இருந்தது. 1245ஆம் ஆண்டில் போசளப் படைத்தலைவன் அப்பண்ண தண்டநாயக்கன் முன்னிலையில் அவ்வழக்குத் தீர்க்கப்பட்டது. தீர்வு கல்லில் வெட்டப்பட்டது. வாய்ச்சொல்லுக்குப் பெருமதிப்பு இருந்த காலம் அது. ஆயினும் பங்கு என்று வந்தபோது எழுதி வைத்தார்கள்.

இன்று அதே ஊரில், எழுபது வயதைக் கடந்த ஒரு தந்தையோ தாயோ தம் வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுக்கும்போது, அந்த ஆவணத்தில் நான்கெல்லையும் சர்வே எண்ணும் சதுர அடியும் தவறாமல் இடம்பெறுகின்றன. ‘கடைசிவரை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று மகன் சொன்ன சொல் மட்டும் இடம்பெறுவதில்லை. முதியோரின் சட்டச் சிக்கல்களுள் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரு வாக்கியம் விடுபட்ட இடத்திலிருந்தே தொடங்குகின்றன.

வழக்கில் ‘தான செட்டில்மெண்ட்’ என்று அழைக்கப்படும் ஆவணத்தை நம் குடும்பங்கள் விரும்புவதற்குக் காரணங்கள் உண்டு. குடும்பத்திற்குள் எழுதிக் கொடுத்தால் கிரயத்திற்கு ஆகும் முத்திரைத் தீர்வையில் சிறு பகுதியே ஆகும். தாம் மறைந்தபின் பிள்ளைகள் நீதிமன்றப் படி ஏறக்கூடாது என்ற கவலையும் பெற்றோருக்கு உண்டு. பட்டா தன் பெயரில் இருந்தால்தான் வங்கிக் கடன் கிடைக்கும் என்று மகன் கேட்பதும் பொய்யன்று. இவ்வளவும் நியாயமே. எழுதிக் கொடுத்த மறுகணம் சட்டத்தின் பார்வையில் என்ன நிகழ்கிறது என்பதைத்தான் எவரும் விளக்குவதில்லை.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 122இல், கைம்மாறு எதுவும் பெறாமல் மனமுவந்து கொடுப்பதே தானம் என்கிறது. பெறுபவர் ஏற்றுக்கொண்டவுடன் உரிமை முழுதும் மாறிவிடுகிறது. பிரிவு 126இன்படி, குறிப்பிட்டதொரு நிகழ்வு நேர்ந்தால் தானம் ரத்தாகும் என்று இரு தரப்பாரும் முன்னரே ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் கொடுத்தவர் தம் விருப்பப்படி எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்ற நிபந்தனை செல்லாது. மனம் வருந்திய பெற்றோர் பலர், ஆவண எழுத்தர் ஒருவரைப் பிடித்து ‘ரத்துப் பத்திரம்’ எழுதிப் பதிவு செய்துவிட்டால் போதும் என்று எண்ணிவந்தனர். தேவகோட்டைக் கோட்டாட்சியர் எதிர்த்தரப்பாக இருந்த ஒரு வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022 செப்டம்பரில் அவ்வழியை அடைத்துவிட்டது. பதிவான செட்டில்மெண்டை ஒரு தரப்பு மட்டும் வந்து ரத்து செய்வதைச் சார் பதிவாளர் பதிவு செய்ய இயலாது. உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும். எண்பது வயதில் உரிமையியல் வழக்கு என்றால் என்ன பொருள் என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சற்று நின்று எண்ணலாம். நம் சமயம் கூறும் நால்வகைத் தானங்கள் ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்பன. வீடும் நிலமும் அவற்றுள் இல்லை. எதையும் எதிர்பாராது கொடுப்பதே தானம். மகன் சோறு போடுவான், மருந்து வாங்கித் தருவான் என்ற எதிர்பார்ப்போடு வீட்டைக் கொடுக்கும் தாய் செய்வது தானமன்று; அது ஓர் ஏற்பாடு. ஏற்பாட்டைத் தானம் என்ற பெயரில் பதிவு செய்வதுதான் வினையாகிறது.

இந்த முரண்பாட்டை உணர்ந்தே நாடாளுமன்றம் 2007ஆம் ஆண்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் பிரிவு 23ஐ வைத்தது. அறுபது வயது நிறைந்த ஒருவர், தமக்கு அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை மாற்றிக் கொடுத்து, பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நிகழ்ந்ததாகவே கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என அறிவிக்கலாம். இதற்கு உரிமையியல் வழக்குத் தேவையில்லை. ஆனால் இச்சட்டம் நடைமுறைக்கு வந்த பின் எழுதப்பட்ட ஆவணங்களுக்கே பிரிவு 23 பொருந்தும். அதற்கு முன்னர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு இந்தக் கதவு திறவாது.

‘நிபந்தனையோடு’ என்ற அந்தச் சொல்லின்மேல்தான் கடந்த சில ஆண்டுகளாக நீதிமன்றங்களில் வாதம் நடந்து வருகிறது. மூன்று தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 2022 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கியது. அரியானாவைச் சேர்ந்த ஒரு தாய், தம் மகள்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பின்னர் அதை ரத்து செய்யக் கோரினார். தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றமோ அத்தீர்ப்பை நீக்கியது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததாக அவர் மனுவிலும் கூறவில்லை, மெய்ப்பிக்கவும் இல்லை என்பதே காரணம். பெற்றோர் அன்பின் மிகுதியால் எழுதிக் கொடுக்கும்போது, பராமரிப்பு நிபந்தனை அதில் தானாகவே அடங்கியுள்ளது என்று கொள்ள இயலாது என நீதிபதிகள் கூறினர்.

இரண்டாவது, 2025 சனவரி 2 அன்று அதே உச்ச நீதிமன்றம் வழங்கியது. மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூரில் 1968ஆம் ஆண்டில் தாம் வாங்கிய சொத்தை ஒரு தாய் 2019இல் மகனுக்குத் தானமாக எழுதினார். ஆவணத்தோடு ஒரு வாக்குறுதிக் கடிதமும் இருந்தது. தாயை இறுதிவரை காப்பதாகவும், தவறினால் அவர் சொத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் அதில் கண்டிருந்தது. மகன் அக்கடிதமே பொய் என்றார். கீழ்நிலை அதிகாரிகளும் தனி நீதிபதியும் தாய்க்குச் சாதகமாகக் கூற, இரு நீதிபதி அமர்வு மாற்றிக் கூறியது. நீதிபதிகள் சி.டி. ரவிக்குமார், சஞ்சய் கரோல் ஆகியோர் தாயின் பக்கம் தீர்ப்பளித்தனர். இச்சட்டம் முதியோரின் நன்மைக்காக இயற்றப்பட்டது. ஆகவே தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றனர். இடத்தைக் காலி செய்து ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்று தெளிவுபடுத்தினர்.

மூன்றாவது நம் மாநிலத்தது. நாகப்பட்டினத்தைச் சேர்ந்த 87 வயது மூதாட்டி, மூன்று மகள்கள் இருந்தும், ஒரே மகனுக்கு வீட்டைச் செட்டில்மெண்ட் எழுதினார். மகன் இறந்தார். அதன்பின் மருமகள் கவனிக்கவில்லை என்று மூதாட்டி கோட்டாட்சியரிடம் முறையிட, ஆவணம் ரத்தானது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், கே. ராஜசேகர் ஆகியோர் அந்த ரத்தை உறுதி செய்தனர். பத்திரத்தில் நிபந்தனை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அன்பும் பாசமும் கருதி எழுதியதாகச் சொல்லும்போதே பராமரிப்பு அதில் உள்ளுறையாக அடங்கிவிடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

2022இல் டில்லி சொன்னதும் 2025இல் சென்னை சொன்னதும் எளிதில் ஒன்றோடொன்று பொருந்துவனவல்ல. அன்பு என்ற சொல்லுக்குள் நிபந்தனை உண்டா இல்லையா என்பதை நீதிபதிகள் ஆராய்ந்துகொண்டிருக்கட்டும். எழுதிக் கொடுக்கும் முதியவர் அந்த ஆராய்ச்சியின் முடிவை நம்பி இருக்க வேண்டியதில்லை. சத்தர்பூர்த் தாயைக் காத்தது நீதிபதிகளின் இரக்கம் மட்டுமன்று. கையில் இருந்த கடிதமும்தான். ஆகவே எழுதுவதென்று முடிவு செய்தவர், பத்திரத்தின் உள்ளேயே இதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்: எழுதிக் கொடுப்பவர்க்கு ஆயுள் உள்ளவரை இவ்வீட்டில் குடியிருப்பும் உணவும் உடையும் மருத்துவமும் பெறுபவர் அளிக்க வேண்டும், தவறினால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 23இன்படி இவ்வாவணம் ரத்துக்குரியது. ஆவண எழுத்தர் ‘அதெல்லாம் வழக்கமில்லை’ என்று கூறலாம். வழக்கத்திற்குக் கட்டணம் செலுத்துபவர் நாமே. வாக்கியத்தையும் நாமே கேட்டு எழுதச் செய்யலாம். இவ்வாக்கியத்தைக் கேட்டு முகம் மாறும் மகன் இருந்தால், பதிவுக்கு முன்பே அதை அறிவது நன்று.

எழுதாமலே இருக்கவும் வழி உண்டு. உயில் என்பது எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை வெறும் காகிதமே. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 63இன்படி, எழுதியவர் கையொப்பமிட, இரு சாட்சிகள் சான்றொப்பம் இட்டால் போதும். பதிவு கட்டாயமன்று. ஆயினும் பதிவு செய்வது நல்லது. சாட்சிகளைத் தேர்வதில்தான் பலர் தவறுகின்றனர். உயில் நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளானால் சாட்சிகளுள் ஒருவரேனும் வந்து கூற வேண்டும். தம்மைப் போலவே எண்பது வயதான நண்பர்களைச் சாட்சியாக வைத்தால், உயில் பேச வேண்டிய காலத்தில் சாட்சி இருக்கமாட்டார். சொத்தில் பங்கு பெறுபவரும் சாட்சியாக இல்லாதிருத்தல் நலம். அன்றைய நாளில் தெளிந்த மனநிலையில் இருந்தார் என்று மருத்துவர் ஒருவரின் சான்றும் சேர்ந்தால் பின்னாளில் பெரிதும் உதவும்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி, ஆயுட்கால அனுபவ உரிமையைத் தமக்கு நிறுத்திக்கொண்டு செட்டில்மெண்ட் எழுதுவது. அத்தகைய தானம் செல்லும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. வீடு மகனுடையதாகும், குடியிருப்பும் வாடகையும் ஆயுள்வரை பெற்றோருடையதாகவே இருக்கும். வாடகை வருவாயை நம்பி வாழ்பவர்களுக்கு இதுவே ஏற்றது.

இனி, ஏற்கெனவே கைவிடப்பட்டவர்களைப் பற்றி. திருமயம் வட்டத்தவர்க்குத் தீர்ப்பாயம் புதுக்கோட்டைக் கோட்டாட்சியரே. மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். மாவட்டச் சமூகநல அலுவலர் பராமரிப்பு அலுவலராக முதியவர்க்குத் துணை நிற்பார். மனுவைத் தாமே எழுதிக் கொடுக்கலாம். இயலாதவர்க்காக அவர் அதிகாரம் அளித்த ஒருவரோ, பதிவு பெற்ற தொண்டு அமைப்போ கொடுக்கலாம். அறக்கட்டளைகள் நடத்துவோர் இவ்விதியைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அன்னதானத்திற்கு நிகரான தொண்டு இதிலும் உண்டு. எதிர்த்தரப்பிற்கு அறிவிப்புச் சார்ந்த 90 நாள்களுக்குள் முடிவு காண வேண்டும். தனிக் காரணம் இருந்தால் ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம். மகன், மகள் மட்டுமன்றி வயதுவந்த பேரன், பேத்தியும் பொறுப்பாளிகளே. பிள்ளையில்லாத முதியவரின் சொத்தை அனுபவிப்பவரோ அடையப்போகிறவரோ ஆன உறவினரும் பொறுப்பாளியே. ஆணையை மீறினால் சிறையும் உண்டு. முதியவரைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர் அவரை எங்கேனும் விட்டுச் சென்றால், பிரிவு 24இன்படி மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

சட்டத்தின் குறையையும் சொல்ல வேண்டும். பராமரிப்புத் தொகை மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பு 2007இல் வைக்கப்பட்டது. அதை நீக்க 2019இல் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. இன்றைய மருந்து விலையில் பத்தாயிரம் எத்தனை நாளுக்கு வரும்? இன்னொரு புறம், இச்சட்டத்தை மருமகளை வெளியேற்றும் கருவியாகப் பயன்படுத்தும் குடும்பங்களும் உள்ளன. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஒரு பெண்ணுக்குத் தரும் குடியிருப்பு உரிமையை இச்சட்டத்தைக் காட்டி அழிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் தெளிவாகக் கூறியுள்ளது.

இப்பகுதிக் குடும்பங்களுக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழ, பெற்றோர் பெரிய வீட்டில் தனியே இருப்பது இங்கே புதிதன்று. இச்சட்டம் வெளிநாட்டில் உள்ள இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும் என்று முதற் பிரிவிலேயே கூறுகிறது. சிங்கப்பூரும் 1995இலேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இயற்றிய நாடு. ஆனால் அது அங்கேயே நிலையாக வாழும் பெற்றோர்க்கு உரியது. திருமயத்தில் இருந்துகொண்டு அங்கே மனுச் செய்ய இயலாது. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட மகனிடம் இங்கிருந்து ஆணையை நிறைவேற்றுவதும் கடினம். ஆகவே அயலகத்தில் பிள்ளை உள்ள பெற்றோர், இங்குள்ள வீட்டைத் தம் பெயரிலேயே வைத்திருப்பதில் இருமடங்கு பொருள் உண்டு.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. வங்கி வைப்பில் ‘நாமினி’ என்று குறிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரே அன்றி, அதன் உடைமையாளர் அல்லர். வாரிசுகள் கேட்டால் பங்கிட்டுத் தர வேண்டியவர். பங்குப் பத்திரங்களுக்கும் இதுவே நிலை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. நாமினி பெயர் இருக்கிறது, உயில் எதற்கு என்று இருப்பது பிழை. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கிற்கு நான்கு பேர் வரை நாமினியாகக் குறிக்கலாம். அலைபேசியில் காவல் அதிகாரி போலத் தோன்றி ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுபவரிடம் முதியோர் பலர் சேமிப்பை இழந்துள்ளனர். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லை. உடனே அழைக்க வேண்டிய எண் 1930. முதியோர் உதவிக்கு 14567.

பவர் பத்திரம் ஒன்று எழுதி வைத்தால் போதும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. எழுதியவர் நினைவிழந்தால் அதன் வலிமை போய்விடும், இறந்தாலும் போய்விடும். 2024 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், நினைவிழந்து கிடந்த கணவரின் சொத்தைக் கையாள அவர் மனைவியையே காப்பாளராக நியமிக்க நேர்ந்தது. சிகிச்சைச் செலவுக்குக் கணவரின் சொத்தை விற்க, மனைவி உயர் நீதிமன்றம்வரை செல்ல வேண்டியிருந்தது. கணவன் மனைவி இருவரில் எவர் முன்னர் படுத்தாலும் மற்றவர் கையில் பணம் இருக்கும்படி, வங்கிக் கணக்கையேனும் இருவரில் எவரும் இயக்கும் கூட்டுக் கணக்காக வைத்திருப்பது எளிய ஏற்பாடு.

கடைசியாக, தாய்மார்கள் அறிய வேண்டிய ஒன்று. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் பொருந்தும் என்று அதன் இரண்டாம் பிரிவே கூறுகிறது. அதன்படி, ஓர் ஆண்மகன் உயில் எழுதாமல் இறந்தால், அவன் மனைவியும் மக்களும் மட்டுமன்றி, உயிரோடிருக்கும் அவன் தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கும் அளவு பங்கு தாய்க்கும் உண்டு. மகனை இழந்த துயரில் இருக்கும் மூதாட்டியிடம், காரியம் முடிந்த சில நாள்களில் ‘ஒரு கையெழுத்துத்தான்’ என்று நீட்டப்படும் காகிதம் பெரும்பாலும் இந்தப் பங்கை விட்டுக் கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருக்கும். பேரக் குழந்தைகளுக்காக மனமுவந்து விட்டுக் கொடுக்கலாம். அது அவர் விருப்பம். ஆனால் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றில் தம் பெயர் உள்ளதா என்று அவர் முதலில் பார்க்க வேண்டும். பிறகு அந்தப் பத்திரத்தை, அதை எழுதி வந்தவரைத் தவிர வேறொருவர், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அதுவரை பேனாவையோ மைப்பெட்டியையோ தொட வேண்டாம்.